ஓட்டை இல்லாத தட்டு

இன்னிக்குக் காலையில எங்க வீட்டுக்கு வந்தது யாரு தெரியுமா, சுருள் அண்ணன். உங்க தெருவுலயும் யாராவது ஒருத்தர் அவரு நம்பரை ஃப்ரிட்ஜ் கதவுல ஒட்டி வெச்சிருப்பாங்க. மேல நாலு சுருள், கீழ ஓவன்னு இருக்குமே கரண்ட் அடுப்பு, அதை இருபத்திரெண்டு வருஷமா ரிப்பேர் பண்றவரு. முன்பக்க இடது சுருள் சூடாகலைன்னுதான் கூப்பிட்டோம். மனுஷன் வந்தாரு, மெயினை ஆஃப் பண்ணாரு, முன்பக்கத்தைத் திரும்பிக்கூட பாக்கல. நேரா பின்பக்க வலது சுருளைப் புடுங்கினாரு, அதுக்கு அடியில இருக்குற தட்டை எடுத்தாரு, வெளிச்சத்துல தூக்கிப் புடிச்சு, அதோட நடு ஓட்டை வழியா என்னை ஒத்தைக் கண்ணால பாத்தாரு.

"இருக்கு. இப்ப சொல்லுங்க, என்ன கோளாறு?"

இது என்ன பழக்கம்னு கேட்டேன். வேலை பாத்துக்கிட்டே சொன்னாரு. நடுநடுவுல அவரே அவரைத் திட்டிக்கிட்டாரு, அவரே சிரிச்சுக்கிட்டாரு. கேட்டு முடிச்சதும், ஆறிப்போறதுக்குள்ள எழுதிடணும்னு உக்காந்துட்டேன், எழுத்துப்பிழை இருந்தா பொறுத்துக்கோங்க.

சுருள் அண்ணனுக்குன்னு ஒரு வேலை முறை உண்டு. மாத்திப் போட்டுப் பாக்குறது. ஒரு சுருள் எரியலைன்னா அதைப் புடுங்கி, நல்லா எரியுற இன்னொரு இடத்துல சொருகுவாரு. அங்க எரிஞ்சா சுருள் நல்லா இருக்கு, சொருகுற இடம்தான் கருகிப் போச்சுன்னு அர்த்தம். அங்கயும் எரியலைன்னா சுருளோட ஆயுசு முடிஞ்சது. ரெண்டு நிமிஷ வேலை. மீட்டரைப் பையிலேருந்து எடுக்கவே வேணாம். "எதையும் நம்பக்கூடாதுங்க, எல்லாத்தையும் மாத்திப் போட்டுப் பாத்துடணும்"னு வீட்டுக்கு வீடு சொல்லுவாரு. இந்த வியாதி முத்திப்போய், ஒரு தடவை அவரு வீட்டு ஹால் ஃபேன் சத்தம் போட்டுச்சுன்னு அதையும் பெட்ரூம் ஃபேனையும் மாத்தி மாட்டினாரு. அன்னிலேருந்து ரெண்டு ஃபேனும் சத்தம் போடுது.

இன்னொரு பழக்கமும் உண்டு. எந்த வீட்டுக்குப் போனாலும் தப்பு வீட்டுக்காரங்க மேலதான். "வெயிட்டான பாத்திரம் வெச்சிருப்பீங்க." "ஈரத்துணியால துடைச்சிருப்பீங்க." முக்கியமா ஒண்ணு: "பின்பக்க வலது தட்டுல சில்வர் பேப்பர் சுத்தாதீங்க. அந்த ஓட்டை வழியாதான் ஓவன் மூச்சு விடுது. அதை அடைச்சா அடுப்பு எப்படிங்க உசுரோட இருக்கும்?" இதை மூக்கைப் புடிச்சுக் காட்டி நடிச்சே சொல்லுவாரு. எத்தனை வீட்டுல நடிச்சாருன்னு அவருக்கே கணக்கு தெரியாது. இதை மனசுல வெச்சுக்கோங்க.

அண்ணி, அதாவது அவரு சம்சாரம், பதினோரு வருஷமா ஒரு சட்டைக் கம்பெனியில பேக்கிங் செக்‌ஷன்ல வேலை பாத்தாங்க. காலர் உக்காந்திருக்கான்னு பாக்கணும், கையை மடிக்கணும், அட்டையைச் சொருகணும், கவர்ல போடணும். கனவுலகூட சட்டைதான் மடிச்சாங்கன்னு அண்ணன் சொல்றாரு. தூக்கத்துல போர்வையை அவ்ளோ அழகா மடிச்சு அவரு மேலேருந்து எடுத்துடுவாங்களாம்.

ஞாயித்துக்கிழமை மட்டும் அண்ணி பன் சுடுவாங்க. வட்டமா, மேல தேன் நிறத்துல, புட்டா நூல் நூலா பிரியுற பன். பக்கத்து வீடு கேட்டுச்சு, மாடி வீடு கேட்டுச்சு, கடைசியில கம்பெனிக்கு எதிர்ல இருக்குற பெரிய ஆபீஸோட கேன்டீன் சூப்பர்வைசர் ஒரு நாள் ஒண்ணு சாப்பிட்டுப் பாத்துட்டு அண்ணியைத் தேடி வந்துட்டாரு.

"அக்கா, மூணு வெள்ளிக்கிழமை, வாரத்துக்கு ரெண்டு டஜன் கொண்டாங்க. மூணும் ஒரே மாதிரி இருந்துச்சுன்னா அடுத்த திங்கள்லேருந்து தினமும் நீங்கதான்."

அண்ணி அன்னிக்கே ராஜினாமா லெட்டர் எழுதிட்டாங்க. பேக்கிங் செக்‌ஷன் மேடம் அதை வாங்கி மேஜை டிராயர்ல போட்டு, "மேல அனுப்பல. அந்த மூணாவது வெள்ளிக்கிழமை வரைக்கும் இங்கயே கெடக்கட்டும். மனசு மாறினா அன்னிக்குள்ள சொல்லு, கிழிச்சுப் போட்டுடறேன்"னு சொன்னாங்க. நல்ல மனசு. ஆனா அண்ணிக்கு அந்த டிராயர் தலைக்கு மேலயே தொங்குற மாதிரி இருந்துச்சாம்.

முதல் வெள்ளிக்கிழமைக்கு முந்தின ஞாயித்துக்கிழமை அவங்க கல்யாண நாள். நம்ம அண்ணன் சும்மா இருப்பாரா? அடுப்பை வெளிய இழுத்தாரு, பின்னாடி தூசி தட்டினாரு, ஓவனுக்குள்ள தலையை விட்டுச் சுரண்டினாரு, கதவுக் கண்ணாடியை முகம் பாக்குற அளவுக்குத் துடைச்சாரு. அப்புறம் பையிலேருந்து ஒரு டப்பா. உள்ள நாலு புதுத் தட்டு, சுருளுக்கு அடியில வைக்கிறது, பொங்கி வழிஞ்சா உள்ள இறங்காம புடிச்சுக்குற தட்டு. வெள்ளி மாதிரி பளபளன்னு.

"கல்யாண நாள் பரிசு"ன்னாரு.

அண்ணி தட்டைப் பாத்தாங்க, அவரைப் பாத்தாங்க. "போன வருஷம் ஃப்யூஸ் குடுத்தீங்க. முன்னேற்றம்தான்."

அவங்க பொண்ணு, பத்தாவது படிக்குது, வாய் மட்டும் காலேஜ் முடிச்சாச்சு. "அம்மா, அடுத்த வருஷம் நமக்கு ஒயர் வரும்"னுச்சு.

தட்டு வந்த கதை இதுதான். ஸ்பேர் கடைக்காரர், "மாப்ள, அஞ்சு செட்டு இருக்கு, மொத்தமா எடுத்துக்க. எல்லா அடுப்புக்கும் பொருந்தும்"னு சொல்ல, அண்ணன் மொத்தமா வாங்கி, நாலு செட்டை முந்தின வாரமே வாடிக்கை வீடுகள்ல மாட்டிட்டாரு. அஞ்சாவது பரிசு. டப்பாவுக்குள்ள ஒரு சின்ன பேப்பர் மடிச்சு வெச்சிருந்துச்சு. அண்ணன் படிக்கல. பேப்பர் படிக்கிறதெல்லாம் புது ஆளுங்க பண்றதுன்னு ஒரு நெனப்பு.

பழைய தட்டு நாலும் கருப்படிச்சுக் கெடந்துச்சு. அண்ணி தூக்கிப் போட மனசு வராம ஜன்னல்ல இருக்குற பூந்தொட்டிகளுக்கு அடியில வெச்சாங்க. அதுல ஒண்ணுக்கு மட்டும் நடுவுல கட்டைவிரல் நுழையுற அளவுக்கு ஓட்டை. தண்ணி ஊத்தினா ஜன்னல் விளிம்பு வழியா ஒழுகி, கீழ வெச்சிருந்த பொண்ணோட நோட்டு நனைஞ்சுச்சு.

"ஓட்டைத் தட்டை வெச்சு என்னதான் பண்ணப்போறே, தூக்கிப் போடு"ன்னு சொன்னாரு அண்ணன். வாயால சொன்னாரு. கண்ணால பாத்தும் சொன்னாரு. "அந்த எடத்துலயாவது எனக்கு உறைச்சிருக்கணுமா இல்லையா"ன்னு இன்னிக்கு எங்க அடுப்புக்குள்ள தலையை விட்டுக்கிட்டே என்கிட்ட கேட்டாரு.

முதல் வெள்ளிக்கிழமை பன், அடி செவந்து, தலை வெளுத்து வந்துச்சு. மேல தொட்டா பிசுபிசுன்னு. ஓவன் கதவுக் கண்ணாடி வேர்த்து, தண்ணி கோடு கோடா எறங்குச்சு. அண்ணி மனசில்லாம எடுத்துட்டுப் போனாங்க. சூப்பர்வைசர் ஒண்ணைப் புட்டுப் பாத்தாரு. "அக்கா, நான் சாப்பிட்ட பன் இது இல்லையே"ன்னு மெதுவாத்தான் சொன்னாரு. மெதுவாச் சொன்னதுதான் சுருக்குன்னு குத்துச்சாம்.

அண்ணன் வேட்டியை மடிச்சுக் கட்டாத குறையா எறங்கினாரு. இது அவரோட ராஜ்ஜியம் இல்லையா. மெயினை ஆஃப் பண்ணி, ஓவன் அடியில இருக்குற சூடாக்குற கம்பியைக் கழட்டி மீட்டர் வெச்சாரு. நல்லா இருந்துச்சு. இருந்தாலும் புதுசு மாட்டினாரு, மாத்திப் போட்டாத்தானே தூக்கம் வரும். பன் அதே வெளுப்பு. சூட்டை அளக்குற சென்சாரை மாத்தினாரு. அதே வெளுப்பு. அப்புறம் கதவைச் சுத்தி இருக்குற பட்டையைப் பாத்தாரு, ஒரு மூலையில ரெண்டு விரல் நீளத்துக்குக் கிழிஞ்சிருந்துச்சு.

"பாத்தியா, புடிச்சுட்டேன். சூடெல்லாம் இது வழியா வெளிய போயிருக்கு."

புதுப் பட்டை போட்டாரு. கதவு மெத்துனு மூடிக்கிச்சு, அவ்ளோ இறுக்கம். ரெண்டாவது வெள்ளிக்கிழமை வந்த பன் முதல் வாரத்தைவிட மோசம். தலை வெளுத்ததோட உள்ள அமுங்கியும் போச்சு. சூப்பர்வைசர் இந்தத் தடவை டப்பாவை மூடி, "அடுத்த வாரம் பாப்போம்க்கா"ன்னாரு. அவ்ளோதான்.

அண்ணனுக்கு மண்டை காஞ்சு போச்சு. ஓவனுக்குள்ள வெப்பமானி ஒண்ணை வெச்சு, முன்னாடி சேர் போட்டு ஒரு மணி நேரம் உக்காந்திருந்தாரு. நூத்தி எண்பது வெச்சா நூத்தி எண்பது. டான்னு நின்னுச்சு. எழுந்தாரு. அப்பத்தான் அந்த வார்த்தையைச் சொன்னாரு.

"அடுப்பு சரியா இருக்கும்மா. மாவுலதான் கோளாறு. தண்ணி ஜாஸ்தி ஊத்துறே போல."

அண்ணி பாத்திரம் கழுவிக்கிட்டு இருந்தாங்க. கை நின்னுச்சு.

"எட்டு வருஷமா அதே மாவுங்க."

"இல்ல, டென்ஷன்ல அளவு மாறும். நான் எத்தனை வீடு பாக்குறேன். எல்லாரும் அடுப்பைத்தான் குறை சொல்லுவாங்க."

அண்ணி சண்டை போடல. போட்டிருந்தா நல்லா இருந்திருக்கும்னு அண்ணன் சொல்றாரு. மறுநாள்லேருந்து டம்ளரை விட்டுட்டு, பொண்ணோட சயின்ஸ் லேப் குடுவையைக் கேட்டு வாங்கித் தண்ணி அளந்தாங்க. ஒவ்வொரு தடவையும் கொஞ்சம் கொஞ்சமாக் குறைச்சாங்க. பன் கல்லாச்சு, ஆனா தலை மட்டும் வெளுத்தே இருந்துச்சு. புதன்கிழமை சாயங்காலம் மாவு பிசையுற கையைப் பாத்துக்கிட்டே, "என் கைக்கு என்னமோ ஆயிடுச்சுங்க"ன்னாங்க. அண்ணன் காதுல வாங்கல. புதுப் பட்டையோட இறுக்கத்தை மறுபடி ஒரு தடவை தொட்டுப் பாத்துக்கிட்டு இருந்தாரு, பெருமையா.

வியாழக்கிழமை அண்ணி முடிவைச் சொன்னாங்க. "நாளைக்கு மூணாவது. இதுவும் இப்படியே வந்தா நான் கேன்டீன் வாசல் வரைக்கும்கூடப் போகல. நேரா கம்பெனிக்குப் போய் மேடம்கிட்ட லெட்டரைக் கிழிக்கச் சொல்லிடறேன். மடிக்கிற சட்டையாவது சொன்ன பேச்சு கேக்கும்."

வெள்ளிக்கிழமை காலையில அண்ணி மாவு பிசைஞ்சுக்கிட்டு இருக்குறப்ப அண்ணனுக்கு ஒரு கால். ரெண்டு தெரு தள்ளி இருக்குற ரிட்டயர்டு டீச்சர். ஓவன்ல கேக் வேகவே மாட்டேங்குது, கதவெல்லாம் தண்ணின்னு. வீட்டுல இருந்தா அந்த வெள்ளை பன் முகத்துல முழிக்கணும்னு அண்ணன் ஒரே மிதியில பைக்கைக் கிளப்பினாரு.

டீச்சர் வீட்டு அடுக்களையில டேபிள் துணிகூட ஸ்கேல் வெச்சுப் போட்ட மாதிரி இருக்கும். அண்ணன் ஓவனைத் திறந்தாரு, மூடினாரு, கதவு வேர்த்ததைப் பாத்தாரு. உள்ளங்கையை மேல்பக்கம் நீட்டினாரு. ஆவி எங்கேருந்தும் வரல. சுருளைத் தூக்கினாரு. ஒரே நிமிஷம்.

"அட, இதோ இருக்கு. ஓவன் ஆவி வெளிய வர்ற குழாய் இதுக்கு நேர் கீழ இருக்கு டீச்சர். பின்பக்க வலது தட்டுல மட்டும் ஓட்டை இருந்தே ஆகணும். இது மொழுக்குனு இருக்கு. ஆவி போக வழியில்லாம உள்ளயே சுத்துது. அடி வேகும், மேல வேகாது. கேக் வேகாம அவிஞ்சு போகும்." மூக்கைப் புடிச்சு நடிச்சும் காட்டினாரு. அப்புறம் தலையை ஆட்டி, "எந்தப் புண்ணியவான் டீச்சர் இதைக் கொண்டாந்து மாட்டினது? கூறு கெட்ட பய"ன்னாரு.

டீச்சர் கண்ணாடியை மூக்குக்கு எறக்கி அவரைப் பாத்தாங்க.

"நீங்கதான் தம்பி."

"நானா?"

"போன மாசம். பளபளன்னு இருக்கு டீச்சர், இனிமே கவலையே இல்லைன்னு சொல்லிட்டுப் போனீங்க. பழசைக் குப்பையில போட்டீங்க, நான் எடுத்துக் கழுவி வெச்சிருக்கேன். வேணுமா?"

அண்ணன் திருதிருன்னு முழிச்சாரு. கையில அந்த மொழுக்குத் தட்டு. அதுல அவரு மூஞ்சி நல்லா பளிச்சுன்னு தெரிஞ்சுச்சாம். அந்த மூஞ்சிக்குப் பின்னாடி மெதுவா, ஒண்ணு ஒண்ணா, எல்லாம் தெரிய ஆரம்பிச்சுது. அஞ்சு செட்டு. அஞ்சாவது செட்டு. கல்யாண நாள். டப்பாவுல படிக்காம விட்ட பேப்பர். வேர்த்த கண்ணாடி. ஜன்னல்ல ஒழுகின தண்ணி. கிழிஞ்ச பட்டை ஒண்ணுதான் அதுவரைக்கும் ஓவனுக்கு மூச்சு குடுத்துக்கிட்டு இருந்துச்சு, அதையும் அவரே நல்லா இறுக்கி அடைச்சிருக்காரு. கம்பியை மாத்தினாரு, சென்சாரை மாத்தினாரு, பட்டையை மாத்தினாரு, எட்டு வருஷ மாவுமேல பழியைப் போட்டாரு. அந்த அடுப்புல அவரு சந்தேகப்படாத ஒரே பொருள் அவரு குடுத்த பரிசு.

"தம்பி, தண்ணி வேணுமா?"ன்னு கேட்டாங்க டீச்சர்.

"வேணாம் டீச்சர். பழைய தட்டைக் குடுங்க. சீக்கிரம் குடுங்க."

மாட்டினாரு. வெளிய வந்து போன் போட்டாரு. பொண்ணு எடுத்துச்சு.

"அம்மா எங்க?"

"அம்மா கையில மாவு. முதல் டஜன் உள்ள போயிடுச்சு. ஏன்ப்பா மூச்சு வாங்குது உங்களுக்கு?"

"ரெண்டாவது டஜனை உள்ள வைக்க வேணாம்னு சொல்லு. நான் வர்றேன்."

"என்ன, இன்னும் எதையாவது மாத்தப் போறீங்களா?"

"ஆமா."

"அப்பா, அந்த அடுப்புல இப்ப பழசா இருக்குறது அம்மா மட்டும்தான்."

ரெண்டு தெருதான். ஆனா அண்ணன் அதுக்குள்ள மூணு தடவை கியர் மாத்தி மாத்திப் போட்டு, திருப்பத்துல பைக்கை நிறுத்தியே விட்டாரு. உதைச்சுப் பாத்தாரு, வரல. தள்ளிக்கிட்டே ஓடினாரு. இருபத்திரெண்டு வருஷ மெக்கானிக்.

உள்ள நுழைஞ்சப்ப முதல் டஜன் மேஜைமேல இருந்துச்சு. வெள்ளையா, ஈரமா. அண்ணி முகத்தைக் கழுவிட்டு, கம்பெனிக்குப் போற கைப்பையைத் தோள்ல மாட்டிக்கிட்டு நின்னாங்க. ரெண்டாவது டஜன் மாவு உருண்டையா ட்ரேல உக்காந்திருந்துச்சு, ஈரத்துணி போத்தி. நான் சொல்றேன், இந்த எடத்துக்கு வந்தப்ப எங்க அடுப்படியில அண்ணன் குரல் எறங்கிடுச்சு, ஸ்குரூ டிரைவரைக் கீழ வெச்சுட்டாரு.

"நான் மேடத்தைப் பாத்துட்டு வந்துடறேங்க"ன்னு சொன்னாங்க அண்ணி.

அண்ணன் நேரா ஜன்னலுக்குப் போனாரு. ஒண்ணு ஒண்ணாத் தொட்டியைத் தூக்கினாரு. மூணாவது தொட்டிக்கு அடியில ஓட்டைத் தட்டு. சேறும் வேருமா இருந்துச்சு. குழாய்ல புடிச்சு, கம்பி நார் போட்டுப் பரபரன்னு தேய்ச்சாரு. பொண்ணு வேடிக்கை பாத்துச்சு.

"அப்பா, தூக்கிப் போடுன்னு சொன்னீங்களே."

"உன் அப்பன் சொல்றதை எல்லாம் கேக்காதே."

மெயினை ஆஃப் பண்ணிட்டு, சுருளைப் புடுங்கினாரு. அவசரத்துல துணிகூட எடுக்காம பளபளத் தட்டை விரலாலயே தூக்கிட்டாரு. அடியிலேருந்து ஆவி பொசுக்குன்னு ஒரு தூண் மாதிரி எழும்புச்சு. விரல் பொத்துப் போச்சு. அண்ணன் கத்தல. கத்துற தகுதி அன்னிக்குத் தனக்கு இல்லைன்னு தோணுச்சாம்.

அண்ணி அந்த ஆவியைப் பாத்தாங்க. மேல அலமாரிக் கதவு நனைஞ்சதைப் பாத்தாங்க. அவரு கையில இருந்த மொழுக்குத் தட்டைப் பாத்தாங்க. புத்தி உள்ளவங்களுக்கு விளக்கம் எதுக்கு.

"மாவுல ஒண்ணும் இல்லம்மா"ன்னாரு அண்ணன். "உன் கைக்கும் ஒண்ணும் ஆகல. இதை மாட்டினது நான். வழியை அடைச்சது நான். பட்டையைப் போட்டு நல்லா அடைச்சதும் நான். உன்மேல பழி போட்டதும் நான்தான். ஊரெல்லாம் போய் இந்த ஓட்டையை அடைக்காதீங்கன்னு வகுப்பு எடுக்குறவனும் நான்தான்."

அண்ணி அவரு கையைப் புடிச்சுக் குழாய்த் தண்ணிக்கு அடியில காட்டினாங்க. இந்தக் கையாலதானே வழியை அடைச்சீங்கன்னு சொல்லுவாங்கன்னு எதிர்பாத்தாரு. அவங்க கேட்டது வேற.

"ஒரு வாரமா என்னை அளவு குடுவையில தண்ணி ஊத்த வெச்சீங்களே. உங்களை எதுல ஊத்தி அளக்குறது?"

கைப்பையைத் தோள்லேருந்து எறக்கி ஆணியில மாட்டினாங்க. ஓட்டைத் தட்டு உள்ள போச்சு, மெயின் ஆன் ஆச்சு, ரெண்டாவது டஜன் உள்ள போச்சு. மூணு பேரும் ஓவன் முன்னாடி உக்காந்தாங்க. பின்பக்கச் சுருள் நடுவுலேருந்து சன்னமா ஆவி வந்துக்கிட்டே இருந்துச்சு. கண்ணாடி வேர்க்கல. கொஞ்ச நேரம் கழிச்சு பன்னோட தலை மெல்ல மெல்ல நிறம் மாறுச்சு. அண்ணி அதைப் பாத்துக்கிட்டே கண்ணைத் துடைச்சாங்க, அண்ணன் வேற பக்கம் திரும்பிக்கிட்டாரு. பொண்ணு மட்டும், "ரெண்டு பேரும் தள்ளுங்க, எனக்குத் தெரியல"ன்னுச்சு.

ஆனா கேட்டது ரெண்டு டஜன். நல்லா வந்தது ஒரு டஜன். மறுபடி பிசைஞ்சு, மாவு உப்பி, சுட்டெடுக்க நேரம் இல்ல. ஒரு டஜனோட போறதான்னு அண்ணி யோசிச்சாங்க, அப்புறம் வெளுத்த டஜனையும் இன்னொரு டப்பாவுல அடுக்கினாங்க. "நீங்களும் வாங்க. அந்தத் தட்டையும் எடுத்துக்குங்க"ன்னாங்க.

கேன்டீன்ல சூப்பர்வைசர் ரெண்டு டப்பாவையும் திறந்து பாத்துட்டுக் குழம்பிப் போனாரு.

"என்னக்கா இது, ஒண்ணு பகல், ஒண்ணு ராத்திரி மாதிரி இருக்கு?"

"ஒரே மாவு சார். ஒரே கை. நடுவுல இந்தத் தட்டு ஒண்ணுதான் மாறுச்சு." அண்ணி தட்டை மேஜைமேல வெச்சாங்க, நடந்ததை நாலு வரியில சொன்னாங்க. குறைக்கவும் இல்ல, கூட்டவும் இல்ல.

சூப்பர்வைசர் தட்டைத் திருப்பித் திருப்பிப் பாத்தாரு. "யாருக்கா அந்த மெக்கானிக்? நம்பரைக் குடுங்க, எங்க ஆளுங்ககிட்ட சொல்லி வைக்கிறேன், அந்தப் பக்கம் போகாதீங்கன்னு."

"இவருதான்"னு கையைக் காட்டினாங்க.

"இவரு உங்க வீட்டுக்காரர் இல்ல?"

"அதுவும் இவருதான்."

அண்ணன் அசடு வழிய ஒரு கும்பிடு போட்டாரு. சூப்பர்வைசர் தேன் நிற பன்னை எடுத்தாரு, புட்டாரு. நூல் நூலா பிரிஞ்சுச்சு. மென்னுக்கிட்டே இன்னொரு கையால வெளுத்ததைத் தொட்டுப் பாத்தாரு.

"நான் கேட்டது மூணு வாரம் ஒரே மாதிரி. இது மூணு வாரம் மூணு மாதிரி"ன்னாரு. அண்ணி தலையைக் குனிஞ்சாங்க. அவரு இன்னொரு வாய் புட்டாரு. "ஆனா முதல்ல நான் சாப்பிட்ட பன் இதுதான். கெட்டுப்போனதையும் கொண்டாந்து காட்டின ஆளை நான் இங்க பாத்ததில்ல. திங்கள்லேருந்து ஒரு வாரம் குடுங்க. ஒரு நாள்கூட வெளுக்கலைன்னா தொடர்ந்து நீங்கதான். ஒரே கண்டிஷன். சார் அந்த அடுப்பைத் தொடக் கூடாது."

"ஒத்துக்கறேன்"னு அண்ணிக்கு முந்திக்கிட்டு அண்ணன் சொன்னாரு.

அங்கேருந்து அண்ணி நேரா கம்பெனிக்குப் போனாங்க. மேடம் டிராயரைத் திறந்து, "கிழிக்கவா?"ன்னு கேட்டாங்க. "மேல அனுப்பிடுங்க மேடம்"னு சொல்லிட்டு, தேன் நிற பன் டப்பாவுலேருந்து எடுத்து வெச்சிருந்த ஒரு பன்னைக் குடுத்துட்டு வந்தாங்களாம். அந்த ஒரு வாரம் ஒரு நாள்கூட வெளுக்கல.

அண்ணனுக்கு இன்னும் மூணு வீடு பாக்கி இருந்துச்சு. அன்னிக்கே போனாரு. முதல் வீட்டுல யாரும் ஓவனே போட்டதில்ல, உள்ள சட்டி அடுக்கி வெச்சிருந்தாங்க. ரெண்டாவது வீட்டுல மூணு வாரமா மாமியார் மருமக மாவைக் குறை சொல்லிக்கிட்டு இருந்தாங்க. அண்ணன் தட்டைக் கழட்டி, தப்பு என்னோடதும்மான்னதும் மருமக முகம் மலர்ந்துச்சு, மாமியாருக்குத்தான் சப்புனு போச்சு. மூணாவது வீட்டுக்காரர் கோவமே படல. "பரவாயில்லப்பா, நான் என் சம்சாரத்துகிட்ட மன்னிப்புக் கேக்கணும், நீ கொஞ்சம் கூட நில்லு"ன்னாரு. அண்ணன் நின்னாரு. அந்த வேலையில அவருக்கு அனுபவம் வந்துடுச்சு.

இதெல்லாம் சொல்லி முடிக்கிறதுக்குள்ள எங்க முன்பக்க இடது சுருளும் சரியாயிடுச்சு. சொருகுற எடம் கருகியிருந்துச்சு. அதுக்கு நாங்க ஈரத்துணியால துடைச்சதுதான் காரணமாம். சொல்லிட்டு உடனே, "நானாவும் இருக்கலாம். போன வருஷம் வந்தேன்ல"ன்னாரு.

அந்தப் பளபளத் தட்டு எங்கன்னு கேட்டேன். சிரிச்சாரு. ஜன்னல்ல மூணாவது தொட்டிக்கு அடியில இருக்காம். ஓட்டையே இல்லாததால ஒரு சொட்டு ஒழுகல, பொண்ணு நோட்டு நனையுறதில்ல. பரிசு வீணாகலைன்னு அண்ணி வர்றவங்க போறவங்ககிட்ட எல்லாம் காட்டுறாங்களாம். வீட்டு அடுப்பை இப்ப பொண்ணுதான் பாத்துக்குது. சந்தேகம்னா அண்ணனைக் கூப்பிட்டுக் கேக்கும், அவரு ரெண்டடி தள்ளி நின்னு, கையைப் பின்னாடி கட்டிக்கிட்டுப் பதில் சொல்லுவாரு.

அண்ணி இப்ப கேன்டீனுக்குப் போக மீதியை அவங்க வீட்டு முன் ஜன்னல்லயே வெச்சு விக்கிறாங்க, காலையில ஏழு மணிலேருந்து. பூந்தொட்டிகளுக்குப் பக்கத்துலயேதான். போய் ஒண்ணு வாங்கிச் சாப்பிட்டுப் பாருங்க, அந்தத் தட்டையும் பாத்துட்டு வாங்க, தப்பா நெனைக்க மாட்டாங்க. அதுக்கு முன்னாடி உங்க வீட்டு மெயினை ஆஃப் பண்ணி, அடுப்பு ஆறினதுக்கு அப்புறம், பின்பக்கச் சுருளுக்கு அடியில ஒரு தடவை பாத்துடுங்க. ஓவன் கதவு வேர்க்குதுன்னு யாராவது புலம்பினா, மாவு பிசையுற யாரையாவது யாராவது குறை சொன்னா, இதை அவங்களுக்கு அனுப்புங்க.